வீட்டிலிருந்து வேலை: வரிக்கழிவு கேட்பதா, கம்பெனியைக் கேட்பதா, தொழில் பதிவதா?

ஏமாற்றத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் வீட்டில் ஒரு அறையை ஆபீஸாக மாற்றினால், அந்த அறைக்கென்று வருமானவரியில் ஒரு கழிவும் (வரி விதிக்கும் வருமானத்திலிருந்து குறைத்துக்கொள்ளும் தொகை) கிடையாது. மேசை, நாற்காலி, தெனாகா (மின்சார) பில், ஏர்கோன் சர்வீஸ், வாடகை எதுவும் சம்பளக்காரர்கள் நிரப்பும் பிஇ வரிப் பாரத்தில் ஏறாது. 1967ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டத்தில், வருமானம் ஈட்டுவதற்காகவே முழுக்க முழுக்கச் செய்த செலவுதான் கழியும். குடும்பச் செலவு, சொந்தச் செலவு கழியாது. அதே ஏர்கோனின் காற்றில் இரவு பிள்ளைகளும் படுத்துத் தூங்கினால் அதை ஆபீஸ் செலவு என்று யாரிடம் போய்ச் சொல்வது?

யூடியூப் பார்த்துவிட்டு வருகிறவர்களால்தான் குழப்பமே. ஆஸ்திரேலியாவில் வீட்டிலிருந்து வேலை செய்த ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 70 சென்ட் கழிக்கலாம் என்பது உண்மை. 2024 ஜூலையிலிருந்து அங்கே அதுதான் கணக்கு. அமெரிக்காவிலோ சம்பளக்காரர்களுக்கு இருந்த அந்தக் கழிவை 2018லேயே மத்திய அரசு வரியிலிருந்து எடுத்துவிட்டார்கள். இரண்டுக்கும் பேராக்கின் சுங்கை சிப்புட்டில் ஒரு தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டின் பின்னறையில் உட்கார்ந்து கோலாலம்பூர் கம்பெனிக்குக் கணக்கு எழுதும் பிள்ளைக்கும் சம்பந்தமில்லை.

சரி, அந்தப் பிள்ளைக்கு என்னதான் வழி? மூன்று இருக்கின்றன. மூன்றும் ஒரே எடையுள்ளவை அல்ல.

முதல் வழி எல்லோருக்கும் தெரிந்த வாழ்க்கைமுறைக் கழிவு. ஆண்டுக்கு 2,500 ரிங்கிட் வரை. லேப்டாப், கைப்பேசி, டேப்லெட், புத்தகம், பத்திரிகை, இணையக் கட்டணம் எல்லாம் இதற்குள் வரும். 2024 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து திறன் வளர்க்கும் பயிற்சிக் கட்டணமும் சேர்ந்திருக்கிறது. விளையாட்டுச் சாமான்கள் வெளியே போய், அதற்குத் தனியாக 1,000 வந்துவிட்டது. கோவிட் சமயத்தில், 2020 ஜூன் முதல் 2022 முடிய, லேப்டாப்புக்கும் கைப்பேசிக்கும் இன்னொரு 2,500 தனியாகக் கொடுத்தார்கள். அது இன்னும் இருக்கிறது என்று நினைத்து அங்காடியில் லேப்டாப் விலை விசாரிப்பவர்களை இப்போதும் பார்க்கிறேன்.

2,500 கழிவு என்றால் 2,500 ரிங்கிட் கைக்கு வரும் என்று பலர் நினைக்கிறார்கள். வராது. மாதம் 4,500 சம்பளம் வாங்கும் திருமணமாகாத ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 54,000. தனிநபர் கழிவு 9,000, இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) கழிவு 4,000 போனால் 41,000. இந்தத் தொகையின் மேல்பகுதிக்கு வரி 6 விழுக்காடு. ஆகவே வாழ்க்கைமுறைக் கழிவை முழுக்கப் பயன்படுத்தினாலும் மிச்சம் 150 ரிங்கிட்தான். அதற்காக 2,500 செலவழித்து லேப்டாப் வாங்கினால் அது வியாபாரமே இல்லை. எப்படியும் வாங்கப்போகிற லேப்டாப் என்றால் சரி, ரசீதை எடுத்து வையுங்கள்.

ஓர் இடத்தில் மட்டும் இந்தக் கணக்கு சட்டென்று மாறும். வரி விதிக்கும் வருமானம் 35,000ஐத் தாண்டாவிட்டால் 400 ரிங்கிட் வரித் தள்ளுபடி உண்டு. கழிவுகளெல்லாம் போக 37,000இல் நிற்பவருக்கு வரி 720. அவர் வாழ்க்கைமுறைக் கழிவில் 2,500 காட்டி 34,500க்கு இறங்கினால் வரி 585, அதில் தள்ளுபடி 400 போய் 185. ஒரே கழிவில் 535 ரிங்கிட் மிச்சம்! இந்த எல்லையை ஒட்டி நிற்பவர்கள் டிசம்பர் முடிவதற்குள் ஒருமுறை கூட்டிப் பார்ப்பது நல்லது. தேவையான புத்தகமோ பயிற்சியோ இருந்தால் ஜனவரிக்குத் தள்ள வேண்டாம்.

இணையக் கட்டணத்தில் நம் வீடுகளுக்கே உரிய ஒரு சிக்கல். பில் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். தோட்டத்திலிருந்து வெளியேறி தாமானில் வீடு வாங்கிய அப்பாவின் பெயரில்தான் தெனாகா, தண்ணீர், யூனிஃபை இணையம் எல்லாம் இருக்கும். மாதாமாதம் பணம் போவது மகள் கணக்கிலிருந்து. “அப்பா பேர்லயே இருக்கட்டும்மா, எதுக்கு மாத்திக்கிட்டு” என்று அம்மா சொல்வார். அந்த ஒரு வார்த்தையில் ஆண்டுக்கு ஆயிரத்துச் சொச்சம் ரிங்கிட் கழிவு போய்விடும். அப்பாவுக்கு வரி கட்டும் அளவுக்கு வருமானம் இருக்காது, மகளுக்குக் கழிவு கிடைக்காது. பெயர் மாற்றுவதற்கு அப்பாவின் அடையாள அட்டையோடு ஒரு காலை நேரம் செலவாகும், அவ்வளவுதான். கணவன் மனைவி இருவரும் தனித்தனியாக வரி தாக்கல் செய்தால் இருவருக்கும் ஆளுக்கு 2,500 உண்டு; ஒருவர் பெயரில் லேப்டாப்பும் மற்றவர் பெயரில் இணையமும் என்று பிரித்துக்கொள்ளலாம்.

ரசீதைப் பற்றியும் ஒன்று. ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும். கடையில் கொடுக்கும் வழவழப்பான சீட்டு ஓராண்டிலேயே வெளுத்து வெள்ளைத் தாளாகிவிடும். வாங்கிய அன்றே படம் எடுத்துவிடுங்கள்.

இரண்டாவது வழி, கம்பெனியையே கட்டச் சொல்வது. என்னைக் கேட்டால் இதுதான் முதலில் முயல வேண்டியது. ஆனால் நம்மவர்கள் பெரும்பாலும் இதைக் கேட்பதே இல்லை. வேலையே பெரிய விஷயம், இதில் பில்லை வேறு நீட்டுவதா என்ற கூச்சம்.

கணக்கைப் பாருங்கள். மாதம் 100 ரிங்கிட் இணைய பில். நீங்களே கட்டிவிட்டுக் கழிவு கேட்டால், 6 விழுக்காட்டில் ஆண்டுக்கு 72 ரிங்கிட் திரும்ப வரும். கம்பெனி கட்டினால் 1,200 முழுசாக மிச்சம். பிராட்பேண்ட், கைப்பேசி, வீட்டுத் தொலைபேசி ஆகியவற்றின் மாத பில்லை முதலாளி கட்டினால், வகைக்கு ஓர் இணைப்பு வரை ஊழியருக்கு அது வரியில்லாத சலுகை. பில் ஊழியர் பெயரில் இருந்தாலும் பரவாயில்லை. கம்பெனிக்கும் அது தொழில் செலவுதான், அவர்களும் கழித்துக்கொள்வார்கள்.

பில்லைக் கட்டாமல் ‘வீட்டு வேலைப்படி’ என்று மாதம் 100 ரொக்கமாகக் கொடுத்தால் அது சம்பளத்தோடு சேர்ந்து வரிக்கு உட்படும். ஆனாலும் 72 ரிங்கிட் வரி போக 1,128 கையில் நிற்கும். வரி விழுகிறதே என்று படியை வேண்டாம் என்பவர்களுக்கு இந்த எண்ணைக் காட்ட வேண்டும். லேப்டாப்பையும் நாற்காலியையும் கம்பெனி தன் சொத்தாகவே கொடுத்து வேலைக்குப் பயன்படுத்தச் சொன்னால் இன்னும் நல்லது. வேலையை விடும்போது திருப்பிக் கொடுக்கப்போகிறீர்கள், வரிப் பேச்சுக்கே இடமில்லை.

கேட்பதற்கு ஒரு வாசலும் இருக்கிறது. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தில் 2023 ஜனவரி முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, வேலை நேரத்தையோ இடத்தையோ மாற்றிக் கேட்டு ஊழியர் எழுத்தில் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். பில்லைக் கட்ட வேண்டும் என்று அந்தச் சட்டம் எங்கும் சொல்லவில்லை. ஆனால் எப்படியும் கடிதம் எழுதுகிறீர்கள்; அதே கடிதத்தில் இணையச் செலவைப் பற்றி இரண்டு வரி சேர்ப்பதில் என்ன குறைந்துவிடும்?

மூன்றாவது வழிதான் காப்பிக் கடைப் பேச்சில் அதிகம் அடிபடுவது. “சம்பளத்தை விட்டுடு தம்பி, எஸ்எஸ்எம்ல பேரைப் பதிஞ்சு கம்பெனிக்கு இன்வாய்ஸ் போடு, எல்லாத்தையும் கழிச்சுக்கலாம்.” எஸ்எஸ்எம் என்பது தொழில்களைப் பதியும் அரசு ஆணையம். இந்தப் பேச்சு பாதி உண்மை. தொழில் செய்பவர் பி பாரம் நிரப்புவார். தெனாகா பில்லிலும் இணையத்திலும் தொழிலுக்குப் போன பங்கைக் கழிக்கலாம். 2,000 ரிங்கிட்டுக்கு மிகாத மேசை, நாற்காலி போன்றவற்றின் முழு விலையையும் வாங்கிய ஆண்டிலேயே கழித்துவிடலாம். சம்பளக்காரருக்கு எட்டாத கழிவெல்லாம் இங்கே எட்டும்.

சொல்லாமல் விடும் மறுபாதி இது. அதே 4,500 ரிங்கிட்காரர் இப்படி ஆண்டுக்கு 5,000 ரிங்கிட் செலவு காட்டினாலும் 6 விழுக்காட்டில் மிச்சம் 300. சம்பளக்காரராக இருந்தபோது முதலாளி அவருடைய இபிஎஃப் கணக்கில் 13 விழுக்காடு போட்டார்: மாதம் 585, ஆண்டுக்கு 7,020. அது மொத்தமும் நின்றுபோகும். சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு), சம்பளத்தோடு கூடிய விடுப்பு, மருத்துவ விடுப்பு எல்லாம் அதோடு சேர்ந்து போகும். 300ஐப் பிடிக்க 7,020ஐ விடும் இந்த யோசனையைச் சில கம்பெனிகளே முன்வந்து சொல்வது ஏன் என்று இப்போது புரியும். போவதாக இருந்தால் இன்வாய்ஸ் தொகை பழைய சம்பளத்தைவிடக் குறைந்தது கால்பங்காவது கூட இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. அதே முதலாளி, அதே நேரம், அவர் சொல்படியே வேலை என்றால், தாளில் என்ன பெயர் எழுதியிருந்தாலும் சட்டம் அதை ஊழியம் என்றே பார்க்க இடமுண்டு.

வேலையை விடாமல் பக்கவாட்டில் தொழில் செய்பவர்கள் வேறு கதை. பகலில் சம்பள வேலை, மாலையில் இணையத்தில் டியூஷன், வார இறுதியில் கேக் ஆர்டர் என்று இருப்பவர் பி பாரத்துக்குள் வந்துவிடுகிறார். அவர் டியூஷனுக்குச் செய்த செலவை டியூஷன் வருமானத்திலிருந்து கழிக்கலாம். ஒரே லேப்டாப்பை வாழ்க்கைமுறைக் கழிவிலும் தொழில் செலவிலும் இரண்டு முறை காட்டுவது மட்டும் கூடாது.

சிங்கப்பூர், ஆஸ்திரேலியக் கம்பெனிகளுக்கு இங்கிருந்தே வேலை செய்கிறவர்களும் தோட்டப்புற நகரங்களில் இருக்கிறார்கள். வெளிநாட்டுச் சம்பளத்துக்கு இங்கே வரி இல்லை என்று அவர்களில் சிலர் நம்புகிறார்கள். வேலை செய்யும் உடம்பு சுங்கை சிப்புட்டில் இருந்தால் அது மலேசிய வருமானம்தான். மாதாமாதம் வரி பிடிக்க உள்ளூர் முதலாளி இல்லை என்பதால், தாக்கல் செய்யும் நாளில் முழுத் தொகையும் ஒன்றாக வந்து நிற்கும். இவர்களுக்குக் கழிவைவிட, சம்பளம் வந்ததும் வரிக்கென்று ஒரு பங்கை எடுத்துத் தனியே வைப்பதுதான் முதல் வேலை.

மற்ற சம்பளக்காரர்கள் கழிவுக்காக வரி தாக்கல் செய்யும் ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டியதில்லை. கழிவுகளை முதலாளிக்குத் தெரிவிக்கும் டிபி1 பாரத்தை நிரப்பி முதலாளியிடம் கொடுத்தால், லேப்டாப் வாங்கிய ஆண்டிலேயே மாத வரிப்பிடிப்பைக் குறைப்பார்கள்.