ரேடியேட்டர் முதல் மூடி வரை: எந்தப் பாகத்தை எங்கே வாங்குவது?

டெம்பரேச்சர் முள் சிவப்புக்கு ஏறி, காரை ஓரங்கட்டி, பழுதான பாகம் எது என்று மெக்கானிக் சொன்ன பிறகு, சென்னைக்காரருக்கு மூன்று வழிகள் உண்டு: கார் நிறுவனத்தின் முத்திரையுடன் வரும் ஒரிஜினல், ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் கிடைக்கும் மாற்றுத் தயாரிப்பு, புதுப்பேட்டையில் பழைய வண்டிகளிலிருந்து பிரித்து விற்கப்படும் பாகம். பெரிய பாகத்துக்கு ஒரிஜினல், சின்னப் பாகத்துக்கு ஏதோ ஒன்று என்றே பலரும் கணக்குப் போடுகிறார்கள். இன்ஜினைக் குளிரூட்டும் அமைப்பில் இந்தக் கணக்கு பெரும்பாலும் தலைகீழானது.

ரேடியேட்டரைப் பெரும்பாலான கார் நிறுவனங்கள் தாமே செய்வதில்லை. வலேயோ, டென்சோ, மாலே, வடோதராவின் பாங்கோ போன்ற தயாரிப்பாளர்கள் அதைச் செய்வதோடு, தம் சொந்தப் பெயரிலும் சந்தையில் விற்கிறார்கள். அப்படிப்பட்ட பெயருள்ள ஒன்றை வாங்கினால் பணமும் மிஞ்சும், தரத்திலும் பெரிதாக இழப்பில்லை. பெயரில்லாத மலிவுச் சரக்கை மட்டும் பழையதன் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். நடுப்பகுதியின் தடிமன் குறைந்திருந்தாலோ தகடுகள் இடைவெளி விட்டிருந்தாலோ, ஏசி போட்டு மேடேறும்போது அது தோற்றுவிடும். பழைய ரேடியேட்டர் கூடவே கூடாது: செம்பு, பித்தளைக் காலத்தில் ஈயம் வைத்து ஒட்டிக்கொள்ள முடிந்தது, இப்போதைய அலுமினிய ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டியோ சூட்டில் வெளுத்து மயிரிழையாக விரிசல் விடுகிறது.

மூடிதான் எல்லோரும் அலட்சியப்படுத்தும் பாகம். சாதாரணமாக 100 டிகிரியில் கொதிக்கும் நீர், மூடி தாங்கும் 1.1 பார் கூடுதல் அழுத்தத்தில் ஏறத்தாழ 120 டிகிரி வரை கொதிக்காது. ஸ்பிரிங் தளர்ந்த டூப்ளிகேட் மூடி இந்த அழுத்தத்தைப் பிடித்து வைக்காததால், நல்ல ரேடியேட்டரிலிருந்தும் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) பொங்கி வெளியேறும். இறுகிய மூடியோ ஹோஸை வெடிக்க வைக்கும். சென்னையின் சுந்தரம் பாஸ்டனர்ஸ் 1990களில் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ரேடியேட்டர் மூடிகளை ஏற்றுமதி செய்யத் தொடங்கிய ஊரில், அழுத்த எண் பொருந்தாத மூடியை மாட்டிக்கொண்டு அலைவது வேடிக்கைதான். ஒரிஜினல் மூடிக்கும் போலிக்கும் உள்ள விலை வித்தியாசம், இன்ஜின் கொதித்து வளைந்துபோன சிலிண்டர் ஹெட்டை (இன்ஜினின் மேல்பாகம்) லேத் பட்டறையில் சமப்படுத்தும் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை.

இன்ஜின் சூடானதும் திறந்து கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வான தெர்மோஸ்டாட்டும் அப்படியே. பல இன்ஜின்களில் 82 முதல் 88 டிகிரிக்குள் அது திறக்க வேண்டும். மலிவானது திறக்காமல் சிக்கினால் இன்ஜின் கொதிக்கும், மூடாமல் நின்றால் மைலேஜ் குறையும். "நம்ம வெயிலுக்கு இது எதுக்கு?" என்று கழற்றி எறிபவர்கள், கூலன்ட்டின் சூட்டைப் பார்த்து எரிபொருள் அளவைத் தீர்மானிக்கும் கணினியைக் குழப்பிவிடுகிறார்கள். வாட்டர் பம்ப்பை ஒரிஜினலாகவோ பெயருள்ள தயாரிப்பாகவோ வாங்கலாம். டைமிங் பெல்ட்டால் சுழலும் பம்ப் என்றால் பழையதை நினைத்தே பார்க்க வேண்டாம், ஏனெனில் பாகத்தின் விலையைவிடப் பிரித்துப் பூட்டும் கூலி அதிகம்.

புதுப்பேட்டைக்குப் போவதற்கு நியாயமான காரணம் ரேடியேட்டர் ஃபேன்தான். கடையிலேயே பேட்டரி கொடுத்து ஓடவிட்டு, சத்தமும் ஆட்டமும் இல்லையென்றால் எடுத்துக்கொள்ளலாம். ரப்பர் ஹோஸ்களை அங்கே தொடவே கூடாது.

எங்கு போவதானாலும், இன்ஜின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து, ஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது. குமிழிகள் விடாமல் வந்துகொண்டிருந்தால் சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட்டையே சந்தேகிக்க வேண்டும். அப்போது இந்த மூன்று கடைகளில் எதில் வாங்கிய ரேடியேட்டரும் உதவாது.