கிண்டிலில் தமிழ் நூல்: சிங்கப்பூர் எழுத்தாளர் கையில் நிற்பது எவ்வளவு?

எழுத்தாளர் தாமே கிண்டில் நூல் வெளியிட உதவும் அமேசானின் கேடிபி சேவையில் தமிழ் மின்னூல் ஏற்றக் கட்டணம் இல்லை. ஏற்றிய சில நாளில் நூல் விற்பனைக்கு வந்துவிடும். "70 விழுக்காடு உரிமத்தொகை" என்பதை நம்பிக் கணக்குப் போடுவதில்தான் சறுக்கல்.

விலை 2.99 அமெரிக்க டாலர், கோப்பு 2 எம்பி என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்காவில் ஒரு பிரதி விற்றால், எம்பிக்கு 15 காசு வீதம் 30 காசு அனுப்பும் செலவாக முதலில் கழியும். மீதி 2.69இல் 70 விழுக்காடு 1.88 டாலர். சிங்கப்பூருக்கும் அமெரிக்காவுக்கும் வருமான வரி உடன்பாடு இல்லாததால் அதிலும் 30 விழுக்காட்டைப் பிடித்துக்கொள்வார்கள். கையில் நிற்பது 1.32. சரி, சிங்கப்பூரின் தெம்பனிஸ் வட்டார வாசகர் வாங்கினால்? 70 விழுக்காடு தரும் நாடுகளின் பட்டியலில் சிங்கப்பூரே இல்லை. 35 விழுக்காடுதான்; 1.05 டாலர்.

இந்தியா பட்டியலில் உண்டு, ஆனால் அங்கே 70 விழுக்காடு பெற நூலை கேடிபி செலக்ட் என்ற திட்டத்தில் சேர்க்கவேண்டும். சேர்த்தால் 90 நாளுக்கு அதன் மின்வடிவம் வேறெங்கும் இருக்கக்கூடாது. வலைப்பூவில் தொடராகப் போட்ட அத்தியாயங்களையும் நீக்கவேண்டும். தானாகப் புதுப்பிக்கும் தேர்வை முதல் நாளே நீக்கிவிடுங்கள்.

பழைய பாமினி எழுத்துருக் கோப்பை அப்படியே ஏற்றாதீர்கள். 'அம்மா' என்ற சொல் ஆங்கில எழுத்தும் நடுவில் ஓர் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். யூனிகோடுக்கு மாற்றி, வேர்ட் அல்லது ஈபப் கோப்பாகக் கொடுங்கள். பிழை திருத்தச் செயற்கை நுண்ணறிவிடம் விட்டால் ஒற்று தப்பும், 'வீவக' (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்), 'ஈரச்சந்தை' போன்ற நம்மூர்ச் சொற்களையும் அது "சரிசெய்து" வைக்கலாம். வரிவரியாக ஒப்பிடுங்கள்.

2023 செப்டம்பர் முதல், செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய உரை, படம், மொழிபெயர்ப்பு எதுவானாலும் ஏற்றும்போது அறிவிக்கவேண்டும். பிறகு நீங்கள் எவ்வளவு திருத்தியிருந்தாலும் விலக்கில்லை, அட்டைப்படமும் சேர்த்தி. நீங்கள் எழுதியதில் செயற்கை நுண்ணறிவு பிழை மட்டும் திருத்தியிருந்தால் அறிவிக்கவேண்டாம். விதி நல்ல விதிதான், ஆனால் அந்த அறிவிப்பு வாங்குபவர் கண்ணில் படாது. அப்புறம் யாருக்காக? செயற்கை நுண்ணறிவு நூல்கள் குவிவதைத் தடுக்க ஒரு கணக்குக்கு நாளுக்கு 3 நூல் என்று அப்போது வரம்பும் வைத்தார்கள். மாதத்துக்கு 90 நூல் எழுதும் ஆளை யாரும் இன்னும் பார்த்ததில்லை.

"செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்குப் பயன்படுத்தக்கூடாது" என்று உரிமைப் பக்கத்தில் அச்சிடுவதை இங்கே பெரிதாக நம்பவேண்டாம். சிங்கப்பூரின் 2021 பதிப்புரிமைச் சட்டம் 244ஆம் பிரிவு, முறைப்படி கிடைத்த நூலைக் கணினித் தரவுப் பகுப்பாய்வுக்காக (செயற்கை நுண்ணறிவுப் பயிற்சியும் இதில் சேரும்) நகலெடுக்க அனுமதிக்கிறது, வணிக நோக்கமாக இருந்தாலும். ஒப்பந்தத்தில் தடை எழுதினாலும் செல்லாது.

கேடிபியில் தமிழ் அச்சுநூல் வசதி இல்லை. வெளியீட்டு விழா மேசைக்குப் பிரதி வேண்டுமானால் தனியாகத்தான் அச்சிடவேண்டும். இங்கு வெளியிட்டால் நான்கு வாரத்துக்குள் தேசிய நூலக வாரியத்துக்கு இரண்டு பிரதி போகவேண்டும். அச்சு எண்ணிக்கையில் அதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.