ஒரு நாள்தான் கைவசம் இருந்தால்: கான்வியா, கானார்வனா?

சென்ற அக்டோபரில் வட வேல்ஸின் இவ்விரு கோட்டைகளையும் அடுத்தடுத்த நாள்களில் பார்த்தேன்; பிறகு ஒன்றை மட்டும் மறுபடி பார்க்க வாய்ப்புக் கிடைத்தபோது, தயங்காமல் கான்விக்கே சென்றேன். வேல்ஸ் இளவரசரான கடைசி லவெலின் 1282 டிசம்பரில் கொல்லப்பட்ட பின், இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்டு வெல்ஷ் மக்களை அடக்கி ஆளவே 1283-இல் இரண்டையும் கட்டத் தொடங்கினார். இரண்டும் 1986 முதல் உலகப் பாரம்பரியச் சின்னங்கள்.

வெளித்தோற்றத்தில் கானார்வனை மிஞ்ச முடியாது. கான்ஸ்டான்டிநோபிளின் மதிலை நினைவூட்டும் நிறக்கல் பட்டைகளும் பலகோணக் கோபுரங்களும் ஆற்றின் எதிர்க்கரையிலிருந்து பார்க்கையில் பிரமிக்க வைக்கின்றன. இரண்டாம் எட்வர்டு 1284-இல் பிறந்ததும், சார்லஸ் 1969-இல் வேல்ஸ் இளவரசராக முடிசூட்டப்பட்டதும் இங்கேதான். ஆனால் உள்ளே நுழைந்தால் பெரும்பகுதி புல்வெளியே. மண்டபமும் சமையற்கூடமும் அடித்தளக் கற்களாகத்தான் எஞ்சியுள்ளன.

என் தெரிவை முடிவு செய்தது இந்த வேறுபாடுதான். கான்வியில் கூரையும் தளங்களும் போய்விட்டாலும் சுவர்கள் முழு உயரத்துக்கு நிற்பதால், அங்கே வாழ்ந்தவர்களின் அன்றாடத்தைக் கண்ணாலேயே வாசிக்க முடிகிறது. கோபுரத்தின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால், மரத்தளம் மறைந்துபோன சுவரில் கணப்படுப்பு ஒன்று அந்தரத்தில் தொங்குவதுபோல் தெரியும். அதற்குக் கீழே வரிசையாக உள்ள உத்தரக் குழிகள் அந்தத் தளம் எந்த உயரத்தில் இருந்தது என்பதைக் காட்டிவிடுகின்றன. பெருமண்டபத்தில், 1340-களில் கூரையைத் தாங்கக் கட்டிய கல் வளைவுகளில் ஒன்று இன்றும் நிற்கிறது. தேவாலயக் கோபுரத்திலோ, அரசர் தனியே அமர்ந்து வழிபாட்டைக் கவனிக்கச் சுவரின் தடிமனுக்குள்ளேயே ஓர் அறை குடைந்திருக்கிறார்கள். மடோக் தலைமையில் 1294-இல் வெல்ஷ் மக்கள் கிளர்ந்தெழுந்தபோது கானார்வன் அவர்கள் கையில் விழுந்தது. எட்வர்டோ அந்தக் குளிர்காலத்தில் கான்விக்குள் முடங்கிக் கிடந்தார் என்பதை இந்தச் சுவர்களுக்கிடையே நின்று நினைத்துப் பார்க்கையில், வரலாறு வெறும் ஆண்டுக்கணக்காக இருப்பதில்லை.

கோட்டையோடு ஒட்டிய நகர மதிலும் கான்வியின் பக்கமே தராசைச் சாய்க்கிறது. 1.3 கிலோமீட்டர் நீளமும் 21 கோபுரங்களும் கொண்ட அந்த மதிலின் பெரும்பகுதியில் ஏறி நடக்கலாம். தென்புறத்தில் வெளியே துருத்தி நிற்கும் 12 கழிப்பிடங்களைத் தவறவிடக் கூடாது. மதிலுக்குள் ஆங்கிலேயரைக் குடியேற்றுவதற்காக, முந்தைய வெல்ஷ் ஆட்சியாளரான மகா லவெலின் அடக்கம் செய்யப்பட்டிருந்த துறவிமடத்தையே எட்வர்டு வேறிடத்துக்கு மாற்றினார் என்பதையும் மனத்தில் வைத்துக்கொண்டு அதில் நடக்க வேண்டும்.

கான்வியில் ரயில் நிலையம் மதிலுக்குள்ளேயே இருக்கிறது. கானார்வனுக்கு பேங்கரில் இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும். நான் சென்றதெல்லாம் கூட்டமற்ற நாள்களில் என்பதால், கோடை விடுமுறையில் அந்தக் குறுகிய சுழற்படிகளில் ஏறுவது எவ்வளவு சிரமம் என்பதற்கு என் அனுபவம் உதவாது. முழங்கால் வலி உள்ளவர்களோடு செல்வதானால் மட்டும் கானார்வனையே பரிந்துரைப்பேன்; அங்கே அரசர் வாயிலில் 2023-இல் மின்தூக்கி அமைத்திருக்கிறார்கள்.