பயிற்சியில் வரும் எழுத்துச் சுருக்கங்கள்: பட்டியலா, தடையா, விளக்கமா?

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகளுக்குப் பயிற்சி தயாரிக்கப் போனால் முதல் நாளே எஸ்.ஓ.பி., எஃப்.எம்.இ.ஏ., பி.பி.எம்., லோட்டோ, ஃபிஃபோ, என்.ஜி. என்று காதில் விழ ஆரம்பித்துவிடும். தயாரிக்கிறவருக்கே பாதி புரியாது, ஐ.டி.ஐ. முடித்து நேற்று சேர்ந்த பையனுக்கு எப்படிப் புரியும்? இதற்கு ஆளுக்கொரு வழி வைத்திருக்கிறார்கள். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பொருளைக் காட்டிவிட்டுப் பெயரைச் சொல்வதுதான் நல்ல வழி, மற்றதெல்லாம் அதற்குத் துணை.

முதல் பக்கத்திலேயே பட்டியல் போடுவது எல்லோரும் செய்வது. எளிது, ஆடிட்டுக்கு வருகிறவர்களுக்கும் பிடிக்கும். ஆனால் இன்னும் கண்ணால் பார்க்காத விஷயங்களின் பெயர்களை வரிசையாகப் படித்து யாரும் மனதில் வாங்குவதில்லை. அதோடு, பி.பி.எம். என்றால் தரப் பிரிவில் பத்து லட்சம் பாகங்களுக்கு எத்தனை பழுது என்று அர்த்தம், மெயின்டனன்ஸ் ஆட்களிடம் கேட்டால் திட்டமிட்ட பராமரிப்பு என்பார்கள். எந்தப் பிரிவில் எந்த அர்த்தம் என்று எழுதாத பட்டியல் ஆளைக் குழப்பும். உண்மையில் இந்தப் பட்டியல் பயிற்சி தயாரிக்கிறவருக்குத்தான் வேண்டும். லைன் சூப்பர்வைசரிடம் பேசும்போதே பெயர், பிரிவு, அது எந்த போர்டில் அல்லது படிவத்தில் வருகிறது என்று குறித்துக்கொண்டே போக வேண்டும்.

சுருக்கமே வேண்டாம் என்று தடை போடுவது இன்னொரு வழி. ராக்கெட் நிறுவனமான ஸ்பேஸ்எக்ஸில் எலான் மஸ்க் 2010-இல் அப்படி ஒரு கடிதமே அனுப்பினார். சோதனை மேடையை 'வி.டி.எஸ்.-3' என்று சொல்வதற்கு 'ட்ரைபாட்' என்று சொல்வதைவிட அதிக நேரம் பிடிக்கிறது என்பது அவர் வாதம், நியாயமானதும்கூட. தப்பாகப் படித்தால் உயிர் போகும் இடத்தில் தடைதான் சரி: இன்சுலின் அளவில் யூனிட்டுக்குப் பதிலாக எழுதும் 'யு' கையெழுத்தில் பூஜ்யம் மாதிரி தெரிந்தால் 10 என்பது 100 ஆகிவிடும். அமெரிக்காவில் மருத்துவமனைகளின் தரத்தை மதிப்பிடும் ஜாயின்ட் கமிஷன் 2004-இல் வெளியிட்ட தடைப்பட்டியலில் அந்த எழுத்தும் இருக்கிறது. ஆனால் அவர்கள் மூலத்திலேயே நிறுத்தும் அதிகாரம் உள்ளவர்கள். பயிற்சி தயாரிக்கிறவருக்கு அது கிடையாது. வகுப்பில் ஒளித்து வைத்த என்.ஜி. (பழுதான பாகம், 'நாட் குட்'), லைனில் சிவப்பு டப்பா மேல் கொட்டை எழுத்தில் நிற்கும். நம்மால் தடை போட முடிந்தது நம் சொந்தச் சரக்குக்கு மட்டும்தான்: எல்.எம்.எஸ்., கே.பி.ஐ., ஸ்கார்ம் என்று பயிற்சி தயாரிக்கிறவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் சொற்கள் எதுவும் தொழிலாளிக்குத் தேவையில்லை, தயங்காமல் வெட்டலாம்.

அப்புறம், முதல்முறை வரும்போது விரித்துச் சொல்வது. ஃபிஃபோவுக்கு இது போதும், முதலில் வந்த சரக்கு முதலில் போகணும், அவ்வளவுதான். எஃப்.எம்.இ.ஏ.வை 'ஃபெயிலியர் மோட் அண்ட் எஃபெக்ட்ஸ் அனாலிசிஸ்' என்று விரித்தால் ஒரு புதிர் ஐந்து புதிராகிறது. இந்த வேலையில் என்னென்ன தப்பு நடக்கலாம், நடந்தால் என்ன ஆகும், வாடிக்கையாளரிடம் போவதற்கு முன் கண்டுபிடிப்போமா என்று கேட்டுப் பாருங்கள், ஆபரேட்டர் தானே பதில் சொல்வார்.

பொருளைக் காட்டிவிட்டுப் பெயரைச் சொல்லும் என் வழி லோட்டோவில் நன்றாகத் தெரியும்; பழுதுபார்க்கும்போது மெஷினை யாரும் ஓட்டிவிடாதபடி பூட்டி அட்டை மாட்டுவது ('லாக்-அவுட், டேக்-அவுட்') அது. ஃபிட்டர் மெயின் ஸ்விட்சை அணைக்கிறார், தன் பூட்டைத் தானே மாட்டுகிறார், பெயரும் தேதியும் எழுதிய அட்டையைத் தொங்கவிட்டுச் சாவியைத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொள்கிறார். ஸ்டார்ட் பட்டனை அமுக்கிப் பார்க்கிறார், ஓடவில்லை. இரண்டு பேர் மெஷினுக்குள் இறங்கினால் இரண்டு பூட்டு. இதை ஒருமுறை கையால் செய்த பையனிடம் "இதுக்குப் பேர்தான் லோட்டோ" என்றால் முடிந்தது, விரிவாக்கம் தெரியாவிட்டாலும் கை பத்திரம்.

குறை இல்லாமல் இல்லை. மெஷினை நிறுத்திக் காட்ட உற்பத்திப் பிரிவு லேசில் சம்மதிக்காது. அப்படியானால் அதே தொழிற்சாலையின் பூட்டையும் அட்டையையும் படமெடுத்துப் போடுங்கள். இணையத்தில் எடுத்த படம் வேண்டாம், அதில் அட்டையின் நிறமே வேறாக இருக்கும்.