மாங்காய் மண்டியில் குரலால் பில்: மூன்று வழிகளில் எது?

கிருஷ்ணகிரியில் மாங்காய் சீசன் வந்துவிட்டால் மண்டியில் யார் கையிலும் பால் பிசுபிசுக்கும். அந்தக் கையோடு கீபோர்டைத் தொட முடியாது என்பதால்தான் மாமாவின் மண்டிக்குக் குரலால் பில் போடும் திரையைச் செய்யத் தொடங்கினேன். மூன்று வழிகளையும் அங்கேயே வைத்துப் பார்த்தேன்.

முதல் வழி, வாய்க்கு வந்தபடி பேசுவது. "பெங்களூரா அம்பது கிரேட்" (பெங்களூரா ரக மாங்காய் 50 பெட்டி) என்றால் கணினியே புரிந்துகொள்ள வேண்டும். எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். அது பெரிய வசதி. ஆனால் பேச்சுத் தமிழில் அம்பதும் ஒம்பதும் காதுக்கு மிக நெருக்கம். லாரி ஹாரனுக்கு நடுவே 50 கிரேட் 9 ஆகிவிட்டது. அது ஒரு விவசாயியின் ஒரு வருட உழைப்பு. குறிப்பு எழுதும் கட்டத்துக்கு மட்டும் இந்த வழியை விட்டுவைத்தேன்.

அடுத்தது, கணினியைக் குரலால் இயக்க உதவும் விண்டோஸ் 11 வாய்ஸ் ஆக்சஸிலும் மேக்கின் வாய்ஸ் கன்ட்ரோலிலும் உள்ள எண் முறை. "ஷோ நம்பர்ஸ்" என்றதும் திரையில் உள்ள பட்டன்கள்மேல் எண்கள் வரும்; எண்ணைச் சொன்னால் கிளிக் ஆகும். மென்பொருளை மாற்றவே வேண்டாம். கை இயங்காதவர்களுக்கு இதைத்தான் முதலில் பரிந்துரைப்பேன். பில்லுக்கு மெதுவு.

நான் தேர்ந்தெடுத்தது மூன்றாவது வழி: நாமே வகுத்த சொற்பட்டியல். நாற்பது சொற்களுக்குள் ஒன்றைத்தான் கணினி தேட வேண்டும் என்பதால் சத்தத்திலும் தடுமாற்றம் குறைவு. சொற்களை அமைப்பதுதான் பாடு. பில்லை முடிக்க முதலில் "சரி" என்று வைத்தேன். மாமா போனில் "சரி சரி" என்று பேசியதும் பில் அச்சாகி வந்தது! இப்போது அது "பில் போடு". "அழி" என்ற குட்டைச் சொல் பல சொற்களோடு குழம்பியதால் "கடைசி வரிய எடு" ஆனது. பெங்களூரா என்றாலும் தோத்தாபுரி என்றாலும் ஒரே ரகம்தான் ஏறும். தெலுங்கும் கன்னடமும் புழங்கும் ஊரில் இது இல்லாமல் முடியாது. எண்கள் இலக்கம் இலக்கமாக: "அஞ்சு, ஜீரோ". காலால் சுவிட்சை அழுத்தினால்தான் மைக் கேட்கும்.

ஒவ்வொரு வரியையும் கணினி சத்தமாகத் திருப்பிச் சொல்கிறது. எதிரே நிற்கும் விவசாயியும் அதைக் கேட்கிறார். தப்பென்றால் பில் அச்சாகும் முன்பே "அம்பது தானுங்க" என்கிறார்.