பிரவுசரில் வேவ் ஸ்பாம்: நீண்ட நாள் விளையாடினால் தெரியவருவது

ரொபர்ட் டொபாலா 2013இல் வெளியிட்ட ஜியோமெட்ரி டேஷ் என்ற விளையாட்டில் பின்னர் சேர்ந்த, அம்பு ஒன்றை ஓட்டும் ‘வேவ்’ பகுதியை மட்டும் பிரித்தெடுத்து, பிரவுசரில் ஓடும்படி ரசிகர்கள் செய்த பதிப்புகள் நிறைய உண்டு. பல, கட்டளைத் துண்டுகளை அடுக்கி நிரல் எழுதும் ஸ்க்ராட்ச் தளத்தில் செய்தவை, சில நேரடியாக ஜாவாஸ்கிரிப்டில் எழுதியவை. விதி ஒன்றுதான். அழுத்தினால் அம்பு 45 பாகையில் மேலே போகும், விட்டால் அதே சரிவில் இறங்கும். பாதை ஒடுங்க ஒடுங்க, அழுத்தி விடுவதும் வேகமாக வேண்டும்; இப்படி விடாமல் அடிப்பதைத்தான் ஸ்பாம் என்பார்கள். சுவரில் பட்டால் மறுபடி முதலிலிருந்து.

பக்கத்தில் நின்று பார்ப்பவர் இதை விரல் வேகப் போட்டி என்று நினைப்பார். கொஞ்ச நாள் விளையாடியவருக்கு வேறு ஒன்று விளங்கும்: செக்கனுக்கு 7 கிளிக் சீராக அடிப்பவர் போகிற தூரத்துக்கு, 11 கிளிக் தாறுமாறாக அடிப்பவர் போகமாட்டார். மூல விளையாட்டின் சாதாரண வேகம் செக்கனுக்கு ஏறக்குறைய 10.4 கட்டம் (களத்தை அளக்கும் சதுரம்). 10 கிளிக் என்றால் அழுத்தியிருக்கும் நேரம் (அழுத்தம்) 50 மில்லிசெக்கன், விட்டிருக்கும் நேரம் (விடுப்பு) 50 மில்லிசெக்கன். அம்பு ஏறக்குறைய அரைக் கட்ட உயரம் ஏறி இறங்கும். அழுத்தம் 55, விடுப்பு 45 ஆனால் கிளிக் எண்ணிக்கை அதேதான், ஆனால் ஒவ்வொரு கிளிக்கிலும் அம்பு 0.1 கட்டம் மேலே நகரும். ஐந்து கிளிக்கில், அதாவது அரைச் செக்கனில், அரைக் கட்டம் ஏறி, ஒடுங்கிய பாதையில் கூரையில் மோதும்.

களைத்த விரல் பொத்தானை முழுதாக விடாது, அழுத்தம் நீளும். நீண்ட ஓட்டங்கள் பெரும்பாலும் மேல் சுவரில் முடிவதற்கு இதுதான் காரணம். அம்பு மேலே ஏறுகிறது என்று தெரிந்தவுடன் பலர் ஸ்பாமை நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கப் பார்ப்பார்கள், அது சரிவராது. ஒரேயொரு விடுப்பை மட்டும் சற்று நீட்டி, உடனே பழைய தாளத்துக்கு வர வேண்டும். கண்ணும் அம்பின் நுனியில் இருக்கக் கூடாது. அம்பு விட்டுச்செல்லும் நெளிகோட்டின் நடு, பாதையின் நடுவை விட்டு எந்தப் பக்கம் விலகுகிறது என்று பார்த்தால் போதும்.

அம்பு சிறிதாகும் ‘சிறிய வேவ்’ வந்தால் சரிவு இரண்டு மடங்கு. அதே 10 கிளிக்குக்கு ஏற்ற இறக்கம் ஒரு கட்டமாகிவிடும், அரைக் கட்டத்துக்குள் அடக்க 20 கிளிக் வேண்டும். சிறிய வேவையும் மிக ஒடுங்கிய பாதையையும் ஒன்றாக வைத்த மட்டம் (லெவல்) ரசிகர் பதிப்புகளில் அடிக்கடி வரும். அதைக் கடினமானது என்று புகழ்வதில் அர்த்தமில்லை, செய்தவர் அளந்து பார்க்கவில்லை.

விரலைக் குறை சொல்வதற்கு முன் பிரேமை, அதாவது திரை அடுத்தடுத்துக் காட்டும் ஒவ்வொரு படத்தையும், பார்க்க வேண்டும். செக்கனுக்கு 60 பிரேம் காட்டும் 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு பிரேம் 16.7 மில்லிசெக்கன். 10 கிளிக்குக்கு அழுத்தம் 3 பிரேம், விடுப்பு 3 பிரேம் என்று பொருந்தும். 15 கிளிக்குக்கு இரண்டும் 2 பிரேம். நடுவில் 12 கிளிக் அடித்தால் இரண்டரைப் பிரேம் வரும். அரைப் பிரேம் என்று ஒன்று இல்லாததால் விளையாட்டு சிலதை 2 ஆகவும் சிலதை 3 ஆகவும் எண்ணும், விரல் சீராக இருந்தும் கோடு ஆடும். ஆகவே 10இல் நிலைத்தவர் 12க்கு ஏறும்போது திடீரென்று மோசமாகிவிட்டது போலத் தோன்றினால், பயிற்சி மட்டும் காரணமல்ல.

ஸ்க்ராட்ச் இன்னும் கரடுமுரடு. இயல்பாக அது செக்கனுக்கு 30 பிரேமில்தான் ஓடும், பிரேம் ஒன்றுக்கு 33.3 மில்லிசெக்கன். ‘மவுஸ் அழுத்தியிருக்கிறதா’ என்று பிரேமுக்கு ஒரு தடவை கேட்கும்படி எழுதியிருந்தால், இரண்டு கேள்விக்கு இடையில் அழுத்தி விட்ட கிளிக் கணக்கில் வராது. செக்கனுக்கு 15க்கு மேல் அடிப்பது அங்கே வீண். அதே திட்டத்தை, ஸ்க்ராட்ச் திட்டங்களை ஓட்டும் இன்னொரு தளமான டர்போவார்ப்பில் திறந்து 60 பிரேமுக்கு மாற்றலாம். ஆனால் நகர்வைப் ‘பிரேமுக்கு இவ்வளவு’ என்று எழுதிய பதிப்பானால் விளையாட்டே இரண்டு மடங்கு வேகத்தில் பாயும். கவனமில்லாமல் எழுதிய ஜாவாஸ்கிரிப்ட் பதிப்புகளுக்கும் இதே நோய்: 144 ஹெர்ட்ஸ் கேமிங் திரையில் 2.4 மடங்கு வேகம். சந்தேகமென்றால் ஒரு தடையிலிருந்து அடுத்த தடை வர எத்தனை செக்கன் என்று போனில் அளந்து, விண்டோஸ் டிஸ்பிளே அமைப்பில் திரையை 60க்கு இறக்கி மறுபடி அளவுங்கள். நேரம் மாறினால் அந்தப் பதிப்பை 60இலேயே விளையாட வேண்டும்.

லெப்டொப்பை மின்னில் செருகித்தான் விளையாட வேண்டும். பெட்டரியில் ஓடும்போது மின்சேமிப்பு முறை பிரேமைக் குறைக்கக்கூடும். புளூடூத் ஹெட்செட்டில் சத்தம் 100 மில்லிசெக்கனுக்கு மேல் பிந்தி வரலாம், பாட்டின் தாளத்துக்கு அடிப்பவருக்கு வயர் ஹெட்செட்தான். பைபர் இணைப்பு எடுத்தால் நன்றாக ஓடும் என்பது வெறும் பேச்சு. பக்கம் ஏறிவிட்டால் மீதி எல்லாம் உங்கள் கணினிக்குள்தான் நடக்கிறது. ‘விளையாட இதை டவுன்லோட் செய்க’ என்று வரும் எதையும் தொடவேண்டாம், பிரவுசர் விளையாட்டுக்கு இன்ஸ்டோல் தேவையில்லை.

அடிக்கும் முறைகளில் சாதாரண ஒற்றை விரலே முதலிடம். முன்கையை இறுக்கி நடுங்கவிடும் ஜிட்டர் முறை வேகம் தரும், ஆனால் தசைநாரைப் பிடிக்கும். 15 செக்கன் அடித்தால் ஒரு நிமிடம் ஓய்வு. மணிக்கட்டில் வலியோ விரலில் மரத்துப்போதலோ வந்தால் அன்றைக்கு முடித்துவிட வேண்டும். இரண்டு விரலை மாற்றி மாற்றி அடிக்கும் பட்டர்பிளை எண்ணிக்கையைக் கூட்டும். ஆனால் ஒரு விரல் எழும்ப முதல் மற்றது இறங்கினால் விடுப்பு சுருங்கி அம்பு மேலே ஏறும். விரலைப் பொத்தானில் உரசும் டிராக் முறை இதற்கு ஏலாது, அந்தக் கிளிக்குகள் ஒரு பிரேமைவிடக் குட்டையானவை. மவுஸையும் ஸ்பேஸ்பாரையும் சேர்த்து அடிப்பதும் பல பதிப்புகளில் குழம்பும். இரண்டில் எதை விட்டாலும் ‘விட்டாயிற்று’ என்றே நிரல் எடுத்துக்கொள்ளும். டச்பேட்டைப் பற்றிக் கதைக்கவே வேண்டாம்.

கொழும்பில் இந்த விளையாட்டின் உண்மையான செலவு மவுஸ்தான். ஈரக்காற்றும், வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் கடல் உப்பும் பொத்தானுக்கு அடியிலுள்ள மைக்ரோசுவிட்சின் உலோகத் தொடுமுனைகளைக் கறுக்க வைக்கும். அதன்பின் ஒரு அழுத்தம் இரண்டு கிளிக்காகப் பதியும், அல்லது அழுத்திப் பிடித்திருக்கும்போதே இடையில் அறுந்து அம்பு விழும். விளையாட்டுப் பிழை என்று திட்டுவதற்கு முன் டெஸ்க்டொப்பில் ஒரு கோப்பைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். பாதியில் நழுவினால் சுவிட்ச் போய்விட்டது. பொத்தான் அதிர்வை வடிகட்டும் நேரத்தை மென்பொருளில் மாற்றக்கூடிய மவுஸானால், கொஞ்சம் கூட்டினால் சில மாதம் தள்ளலாம். அதற்கு மேல் மாற்றத்தான் வேண்டும். அடியிலுள்ள வழுக்குப் பட்டையைக் கிளப்பினால் ஸ்குரூ தெரியும். சுவிட்சுக்கு மூன்று கால், மூன்றையும் சோல்டர் உருக்கிக் கழற்றி, அதே திசையில் புதியதை வைக்க வேண்டும். சுவிட்ச் தேடுகிறவர்கள் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் விசாரிக்கலாம். மவுஸையே மாற்றுகிறவர்களுக்கு பம்பலப்பிட்டியின் கணினிக் கடைத்தொகுதி யூனிட்டி பிளாசா. கடையில் பெட்டியில் எழுதியிருக்கும் டிபிஐயை (நகர்வு நுணுக்க அளவு) பார்க்காமல், பொத்தானைக் கையால் அடித்துப் பார்த்து வாங்குங்கள். சத்தமில்லாத மவுஸ் பிளட் வீட்டில் இரவு விளையாட நல்லதுதான், ஆனால் அதன் பொத்தான் சொதசொதவென்றிருக்கும், விடுப்பு விரலுக்குத் தெரியாது.

சிறந்த தூரம் பெரும்பாலும் பிரவுசருக்குள்ளேயே சேமிக்கப்படும். இன்கொக்னிட்டோவில் விளையாடினாலும், குக்கீ, தளத் தரவுகளை அழித்தாலும் அது போய்விடும். பெரிய ஓட்டம் வந்தால் அந்த இடத்திலேயே ஸ்கிரீன்ஷொட் எடுத்துவிடுங்கள்.