அட்டையில் ‘மின்நூல் இலவசம்’ என்று இருந்தால் கடைக்காரரிடம் இதைக் கேளுங்கள்

மருத்துவக் கல்லூரியில் படிக்கும் தங்கைக்காக இரண்டு பாகமாக வரும் ஒரு பாடப் புத்தகம் வாங்கினோம். முன்னட்டையில் கொட்டை எழுத்தில் ‘மின்நூல் இலவசம்’. அவ்வளவு கனத்தைத் தினமும் வார்டுக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது, போனில் இருந்தால் படித்துக்கொள்வாள் என்றுதான் அந்தப் பதிப்பையே எடுத்தோம்.

அட்டையின் உள்பக்கத்தில் வெள்ளிப் பட்டை. அதைச் சுரண்டினால் வரும் எண்ணைப் பதிப்பகத்தின் ஆப்பில் போட்டதும் புத்தகம் திறந்தது. மறு வருடம் பரீட்சை நேரத்தில் ‘அனுமதிக் காலம் முடிந்தது, புதுப்பிக்கவும்’ என்று வந்து நின்றுவிட்டது. அவள் கோடு போட்டு வைத்த வரிகள், பக்கத்துக்குப் பக்கம் எழுதிய குறிப்புகள் எல்லாம் உள்ளே போய்விட்டன. கேட்டால், “எண்ணைப் பதிந்த நாளிலிருந்து 12 மாதம்தான், பட்டைக்குக் கீழே போட்டிருக்கிறோமே” என்கிறார்கள். போட்டிருக்கிறார்கள், பொடி எழுத்தில். ஆனால் புத்தகம் பிளாஸ்டிக் உறையில் வருகிறது. பிரிக்காமல் அந்தப் பக்கத்தைப் பார்க்க முடியாது. பிரித்தால் கடையில் திருப்பி எடுக்க மாட்டார்கள். இது ஏமாற்று வேலை இல்லாமல் வேறென்ன?

ஒலிநூலுக்குத் தனிக் காசு கேட்டால் கொடுக்கலாம், அதில் குரல் கொடுத்தவரின் உழைப்பு இருக்கிறது. அச்சுக்குப் போன அதே பக்கங்களைத் திரையில் காட்டுவதற்கு மறுபடியும் எதற்குக் காசு?

செய்ய முடியாத காரியமும் இல்லை. அமேசான் 2013இல் ‘மேட்ச்புக்’ என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. அதில் சேர்ந்த நூல்களை அச்சில் வாங்கியவர்களுக்குக் கிண்டில் என்ற அதன் மின்நூல் பதிப்பு அதிகபட்சம் 2.99 டாலர், சில நூல்களுக்கு இலவசம். 2019இல் அதை நிறுத்திவிட்டார்கள். அதே வருடம் மைக்ரோசாஃப்ட் தன் மின்நூல் கடையை மூடியபோது, வாங்கியவர்களின் புத்தகங்கள் மறைந்தன. ஆனால் முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தார்கள். குறிப்பு எழுதி வைத்திருந்தவர்களுக்கு 25 டாலர் கூடுதலாகவும் கொடுத்தார்கள். எங்களுக்கு வந்தது புதுப்பிக்கச் சொல்லும் செய்தி மட்டும்தான்.

வாங்கும் முன் ‘மின்நூல் எத்தனை மாதம்?’ என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். படிக்கத் தொடங்கும்வரை பட்டையைச் சுரண்டாதீர்கள், எண்ணைப் பதிந்த நாளிலிருந்துதான் கணக்கு. குறிப்புகளை நோட்டில் எழுதுங்கள். அட்டையையும் அந்தப் பொடி எழுத்தையும் படமெடுத்து வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுத்திருக்கிறேன். இதே நிலையில் இருப்பவர்களும் கொடுங்கள்.